ஐம்பத்திரண்டும் ஒரு கழுதையும்



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் என் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து கொண்டார்.

"எதைப் பத்தி?" என்றேன்.

"எதைப் பத்தி வேணும்னாலும் எழுது. 'இளைஞனே எழுந்து வா' மட்டும் வேண்டாம். அது ஏற்கெனவே ஏழு பேர் எழுதிக் கொடுத்துட்டாங்க."

"அப்ப சீட்டாட்டம் பத்தி எழுதட்டுமா?"

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். வார்டன் அறை எங்களுக்கு மூன்றாவது அறை!

பயப்பட வேண்டாம். வார்டன் சாரும் தாராளமாக இதைப் படிக்கலாம். காசு வைத்து ஆடுவதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. வீட்டில் பெரியவர்களும் சின்னப் பிள்ளைகளும் வட்டமாக உட்கார்ந்து ஆடுகிற எளிய ஆட்டங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். காசு வைத்து ஆடினால் என்ன ஆகும் என்பதும் நடுவில் கொஞ்சம் வரும். அது எங்கள் வீட்டுக் கதை. அதைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் கணக்கு

சீட்டுக்கட்டு வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது என்று நான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. ஐரோப்பாவில் சீட்டைப் பற்றிய குறிப்புகள் 1370-களில்தான் வர ஆரம்பிக்கின்றன. எகிப்தை ஆண்ட மம்லூக்குகள் காலத்துக் கட்டு ஒன்று இன்றும் இஸ்தான்புல் தோப்காப்பி அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் நாட்டிலும் வட்டச் சீட்டு இருந்தது. அதற்குக் 'கஞ்சிஃபா' என்று பெயர். பாபர் 1527-இல் சிந்து நாட்டு அரசருக்கு அப்படி ஒரு கட்டு அனுப்பியதாகத் தன் நினைவுக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறார். முகலாயர் கட்டில் 96 சீட்டு. தசாவதாரக் கட்டில் பத்து அவதாரத்துக்கும் தலா 12 என்று 120 சீட்டு. நம் கையில் இருக்கும் கட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறாரே ஜோக்கர், அவர் 1860-களில் அமெரிக்காவில் சேர்ந்தவர். குடும்பத்திலேயே கடைசிப் பிள்ளை.

இப்போது கணக்கு. கட்டில் 52 சீட்டு, வருஷத்துக்கு 52 வாரம். ஒரு பூவுக்கு 13 சீட்டு, கால் வருஷத்துக்கு 13 வாரம். ஆஸை ஒன்று, ஜாக்கியைப் பதினொன்று, ராணியைப் பன்னிரண்டு, ராஜாவைப் பதின்மூன்று என்று வைத்துக் கூட்டிப் பாருங்கள். ஒரு பூவுக்கு 91, நாலு பூவுக்கு 364. ஜோக்கரை ஒன்று என்று சேர்த்தால் 365! இது வேண்டுமென்றே செய்ததில்லை, தற்செயலாக அமைந்ததுதான். ஆனால் பத்து வயதுப் பையனிடம் சொன்னால் உடனே பேப்பரும் பேனாவும் எடுத்துக் கொண்டு கூட்ட உட்கார்ந்து விடுவான். எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது.

52 சீட்டை எத்தனை விதமாக வரிசைப்படுத்தலாம்? முதலாம் ஆண்டுக் கணக்குப் பாடத்தை மறக்காதவர்கள் 52 ஃபாக்டோரியல் என்பார்கள். அது 68 இலக்க எண். நன்றாகக் கலைத்த ஒரு கட்டை நீங்கள் கையில் எடுத்தால், அந்த வரிசை உலகத்தில் இதற்கு முன் யார் கையிலும் வந்திருக்காது என்றே சொல்லிவிடலாம். 'நன்றாக' என்றால் எவ்வளவு? கட்டை இரண்டாகப் பிரித்து, ஒன்றுக்குள் ஒன்று படபடவென்று விழ விடுகிறார்களே, அந்த முறையில் 7 தடவை போதும் என்று டேவ் பேயர், பெர்சி டயகோனிஸ் என்ற இரண்டு கணித மேதைகள் 1992-இல் நிரூபித்தார்கள். நாம் கையில் பிடித்துக் கொத்துக் கொத்தாக எடுத்துப் போடுகிறோமே, அதற்கு ஏழு தடவை எந்த மூலைக்கும் போதாது.

அந்தப் படபட சத்தத்தை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் வரும்.

அப்பத்தாவின் கழுதை

எனக்குச் சீட்டாட்டம் கற்றுக் கொடுத்தது எங்கள் அப்பத்தா. அதற்கு எழுதப் படிக்கத் தெரியாது. சீட்டின் மூலையில் இருக்கிற எண்ணைப் பார்க்காது. நடுவில் இருக்கிற பூக்களை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணும். நாங்கள் ஒரு கண்ணால் பார்த்துச் சொல்லுவதற்குள் அது எண்ணி முடித்திருக்கும்.

ஆட்டத்தின் பெயர் 'கழுதை'. ஊருக்கு ஊர் முறை கொஞ்சம் மாறும். எங்கள் பக்கத்து முறை இதுதான்.

நாலு பேர், ஆளுக்கு 13 சீட்டு. ஸ்பேடு ஆஸ் யார் கையில் இருக்கிறதோ அவர் அதை இறக்குவார். மற்றவர்களும் ஸ்பேடே போட வேண்டும். எல்லோரும் அதே பூவைப் போட்டுவிட்டால் அந்தச் சுற்று முடிந்தது. சீட்டுகளைக் கவிழ்த்து ஓரமாகத் தள்ளிவிடலாம், அவை இனி ஆட்டத்தில் இல்லை. பெரிய சீட்டுப் போட்டவர் அடுத்ததை இறக்குவார். இறக்கிய பூ ஒருவரிடம் இல்லையென்றால் அவர் வேறு பூவைப் போட்டு 'வெட்டு' என்பார். வெட்டு விழுந்ததும் சுற்று நின்றுவிடும். அதுவரை இறக்கிய பூவில் பெரிய சீட்டுப் போட்டவர் யாரோ அவர் கீழே கிடப்பதை எல்லாம் அள்ளிக் கொள்ள வேண்டும். முதல் சுற்றுக்கு மட்டும் வெட்டு செல்லாது. கைச்சீட்டு தீர்ந்தவர் தப்பித்தார். கடைசி வரை சீட்டு வைத்திருப்பவர் கழுதை. அவர் எழுந்து நின்று கழுதை மாதிரி கத்த வேண்டும். கூச்சப்பட்டால் இரண்டு தடவை.

அவ்வளவுதான் ஆட்டம். ஏழு வயதுப் பிள்ளை பத்தே நிமிஷத்தில் கற்றுக் கொள்ளும். ஆனால் இதற்குள் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அப்பத்தா எனக்குச் சொன்னது இது:

"ஒரு பூவுல பதிமூணு. மூணு சுத்து முழுசாப் போச்சுன்னா பன்னெண்டு போச்சு. பாக்கி ஒண்ணு. அந்த ஒண்ணு யாரு கையில இருக்கோ அவன் அதை இறக்கக் கூடாது. இறக்குனா வெட்டு நிச்சயம்."

பள்ளிக்கூடமே போகாத அப்பத்தா சொன்ன இந்தக் கணக்கை யோசித்துப் பாருங்கள். மற்றவர்கள் கையில் அந்தப் பூ இருக்கவே முடியாது. ஆக, இறக்கியவரேதான் அள்ள வேண்டும். என்னைப் போன்றவர்கள் மூன்றாம் ஆண்டில் தரக்கட்டுப்பாடு என்று படிக்கிறதை, அது மண் தரையில் கோரைப் பாய் போட்டுச் சொல்லிக் கொடுத்தது. பன்னிரண்டு போய் மிச்சம் ஒன்று. இதையும் ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள்.

வெந்நீர் அடுப்பு

எங்கள் அப்பா பஞ்சாலையில் ஃபிட்டர். கெட்டிக்கார ஃபிட்டர் என்று பெயர். ஷிஃப்ட் முடிந்து டவுனில் ஒரு மன்றத்துக்குப் போவார். அங்கே ரம்மி. ஆரம்பத்தில் 'டீக்காசுக்குத்தான்' என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். பிறகு டீக்காசு பஸ் காசானது. பஸ் காசு பால் காசானது.

ரம்மி திறமை சார்ந்த ஆட்டம் என்று 1967-இலேயே உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. அப்பாவுக்கு அது மனப்பாடம். அவர் திறமைசாலிதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவரும் திறமைசாலியாக இருந்தால்? அதோடு, ஆட்டத்தை நடத்துகிறவர் லாபம் பார்த்தால் அது குற்றமாகலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. அந்தப் பாதியை யாரும் அப்பாவிடம் சொல்லவில்லை போலிருக்கிறது.

2017 தீபாவளி. நான் ஆறாம் வகுப்பு. மில்லில் போனஸ் கொடுத்த அன்று அப்பா ராத்திரி பதினொரு மணிக்கு வந்தார். சட்டைப் பையில் ஒன்றுமில்லை. எனக்கும் அக்காவுக்கும் துணி எடுக்கவில்லை. பள்ளிக்கூடம் திறந்த ஜூனில் அடகு வைத்த அம்மாவின் தோடு மீளவில்லை. அம்மா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுநாள் விடியற்காலை வெந்நீர் போடும்போது, மாடக்குழியில் இருந்த சீட்டுக்கட்டை எடுத்து அடுப்பில் போட்டுவிட்டாள்.

அது அப்பா ஆடிய கட்டு இல்லை. அப்பத்தாவும் நானும் கழுதை ஆடிய கட்டு.

அப்பத்தா பார்த்துக் கொண்டுதான் இருந்தது. ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் 'சீட்டு' என்ற சொல்லையே யாரும் எடுக்கவில்லை. மாதச் சீட்டுக் கட்டுவதைக்கூட அம்மா 'மாசப்பணம்' என்றுதான் சொல்லுவாள்! அப்பா உடனே நிறுத்திவிடவில்லை. மாமா வந்து பேசினார், கொஞ்ச நாள் நிறுத்தினார். மறுபடி போனார். 2019-இல் அப்பத்தா இறந்து போனது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து மன்றத்தையும் பூட்டினார்கள். திறந்த பிறகு அப்பா அந்தப் பக்கம் போகவில்லை. ஏன் என்று நாங்களும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அப்பா நல்லபடியாக வீட்டுக்கு வந்தார். ஆனால் வீட்டில் பேச்சு இல்லை. அம்மா அடுப்படியில். அப்பா திண்ணையில். நான் செல்போனில். ஊரடங்கில் நாள் முழுக்க ஒரே கூரைக்குக் கீழே இருந்தும், ஒரு நாளைக்கு நாங்கள் பேசியதை ஒரு போஸ்ட் கார்டில் எழுதிவிடலாம்.

விடுதியில் நான் பார்த்தது

இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதித்தான் ஆக வேண்டும். முதலாம் ஆண்டில் என் நண்பன் ஒருவன் (பெயர் வேண்டாம்) செல்போனில் ரம்மி ஆடி, ஊரிலிருந்து வந்த தேர்வுக் கட்டணத்தையும் மெஸ் பணத்தையும் ஒரே வாரத்தில் விட்டுவிட்டான். முதல் நாள் 200 ரூபாய் ஜெயித்தானாம். அந்த 200 ரூபாய்தான் தூண்டிலில் இருந்த புழு. நாங்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து கட்டணம் கட்டினோம். அவன் அன்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்திருந்த விதத்தைப் பார்த்தபோது, போனஸ் அன்று ராத்திரி திண்ணையில் படுத்திருந்த அப்பா ஞாபகம்தான் வந்தது.

2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. நல்லது. ஆனால் ஒன்று சொல்கிறேன். செல்போனில் ஆடும்போது எதிரே இருப்பவர் முகம் தெரியாது. நீங்கள் தோற்றால் சிரிக்கவும் ஆள் இல்லை, 'போதும்டா, எழுந்திரு' என்று கையைப் பிடித்து இழுக்கவும் ஆள் இல்லை. சீட்டாட்டத்தில் இருக்கிற நல்லதை எல்லாம் எடுத்துவிட்டுக் கெட்டதை மட்டும் பொட்டலம் கட்டிக் கொடுத்தது போல அது.

மே மாதத்து ராத்திரி

2025 மே மாத விடுமுறை. திருப்பூரிலிருந்து அக்கா இரண்டு பிள்ளைகளோடு வந்திருந்தாள். பெரியவன் பத்து வயது, சின்னவள் ஏழு. ஒரு ராத்திரி கோடை மழை, காற்று. கரண்ட் போய்விட்டது. எங்கோ மரம் விழுந்திருக்கிறது, காலையில்தான் வரும் என்றார்கள். செல்போன்கள் ஒவ்வொன்றாக உயிரை விட்டன. பிள்ளைகள் இரண்டும் அழாத குறை.

என் பையில் ஒரு கட்டு இருந்தது. ஊருக்கு வரும் ரயிலில் பொழுது போக வாங்கியது. எட்டு வருஷமாக வீட்டுக்குள் நுழையாத பொருள். தயங்கித் தயங்கி எடுத்தேன். அம்மா மெழுகுவத்தியோடு வந்தவள் அப்படியே நின்றாள்.

"என்னடா அது?"

"காசு இல்லம்மா. கழுதை. அப்பத்தா ஆட்டம்."

அம்மா என்னைப் பார்த்தாள். பிள்ளைகளைப் பார்த்தாள். மெழுகுவத்தியை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அக்காவும் பின்னாலேயே போனாள். எனக்கு நெஞ்சு அடித்துக் கொண்டது. சீட்டைப் போட ஆரம்பித்தேன். மூன்று பேர், ஆளுக்கு 17. ஒன்று மிஞ்சியது.

"மிச்சச் சீட்டு யாருக்கு மாமா?" என்றான் பெரியவன்.

எனக்குத் தெரியவில்லை. திண்ணை இருட்டிலிருந்து குரல் வந்தது.

"நாலு கை இருந்தாத்தான் அந்த ஆட்டம் சரியா வரும்."

அப்பா. நாங்கள் என்ன செய்கிறோம் என்று திரும்பிக் கூடப் பார்க்காமல் சொன்னார்.

"அப்ப நீங்க வாங்க தாத்தா" என்றாள் சின்னவள்.

"தாத்தாவுக்கு வேண்டாம்டா கண்ணு. நீங்க ஆடுங்க."

"வாங்க தாத்தா! ஒரு ஆள் குறையுதுல்ல!"

பதில் இல்லை. அடுப்படியில் பாத்திரம் துலக்கும் சத்தமும் நின்றுவிட்டது. அந்த ஒரு நிமிஷம் மழைச் சத்தம் மட்டும்தான். பிறகு அடுப்படியிலிருந்து அம்மா சொன்னாள்:

"புள்ளைக கூப்பிடுதுகல்ல, போயி உக்காருங்க. காசுன்னு ஒரு பேச்சு வந்துச்சு, இந்தக் கட்டும் அடுப்புக்குத்தான்."

அப்பா வந்து உட்கார்ந்தார். கட்டைக் கையில் வாங்கினார். இரண்டாகப் பிரித்தார். கட்டைவிரல்களால் லேசாகத் தூக்கி விட்டார். படபடபடவென்று ஒன்றுக்குள் ஒன்று விழுந்தது. பிள்ளைகள் வாயைப் பிளந்தன. "தாத்தா, இன்னொரு தடவ!" என்று கத்தினான் பெரியவன்.

அப்பா அடுப்படிப் பக்கம் பார்த்தார். அந்தச் சத்தம் அங்கே கேட்டிருக்கும். கட்டைக் கீழே வைத்தார்.

"நீயே போடுடா" என்று பெரியவனிடம் தள்ளிவிட்டார்.

அவன் தப்பும் தவறுமாகப் போட்டான். ஆட்டம் ஆரம்பித்தது. சின்னவளுக்கு ஆட்டின் ராஜா வந்திருந்தது. அதை எல்லோருக்கும் திருப்பிக் காட்டிவிட்டாள். "மத்த மூணு ராஜாவுக்கும் மீசை இருக்கு, இவருக்கு இல்ல. இவர்தான் நல்ல ராஜா!" உண்மைதான். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் சாதாரணக் கட்டில் ஆட்டின் ராஜாவுக்கு மட்டும் மீசை கிடையாது. இத்தனை வருஷத்தில் நான் கவனித்ததே இல்லை.

நான் முதலில் தப்பித்தேன். தப்பித்து அப்பாவின் பின்னால் போய் உட்கார்ந்தேன். அப்பா, அடுத்து சின்னவள், அடுத்து பெரியவன். சின்னவள் கையில் ஒரே ஒரு சீட்டு, அந்த ஆட்டின் ராஜா. பெரியவன் கையில் ஆட்டினே இல்லை, முந்தைய சுற்றில் வெட்டியதில் தெரிந்துவிட்டது. இறக்க வேண்டியவர் அப்பா. அவர் கையில் ஆட்டின் ரெண்டு இருந்தது. அதை இறக்கினால் சின்னவள் ராஜாவைப் போட்டாக வேண்டும், பெரியவன் வெட்டுவான், சின்னவள் அள்ளுவாள். அப்பா தப்பித்துவிடலாம்.

அப்பா கையில் ஒரு ஸ்பேடும் இருந்தது. ஸ்பேடில் மூன்று சுற்று முழுசாகப் போயிருந்தது. பன்னிரண்டு போய் மிச்சம் ஒன்று. அப்பத்தா பெற்ற பிள்ளைக்கு அந்தக் கணக்குத் தெரியாமல் இருக்குமா?

அப்பா அந்த ஸ்பேடை இறக்கினார்.

"வெட்டு!" என்று கத்திக் கொண்டு ராஜாவைத் தரையில் அடித்தாள் சின்னவள். அவள் தப்பித்தாள். அப்பா இரண்டு சீட்டையும் அள்ளிக் கொண்டார். அடுத்த ஐந்து நிமிஷத்தில் பெரியவனும் தப்பித்தான்.

"தாத்தா கழுதை! தாத்தா கழுதை!"

அப்பா வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்து நின்று கத்தினார். நண்பர்களே, மில்லில் கெட்டிக்கார ஃபிட்டர் என்று பெயர் எடுத்த என் அப்பா, எட்டு வருஷமாகத் திண்ணையை விட்டு வராத என் அப்பா, மெழுகுவத்தி வெளிச்சத்தில் நின்று கழுதை மாதிரி கத்தினார். அடுப்படியில் அக்கா சிரித்தாள். அக்காவின் சிரிப்போடு இன்னொரு சிரிப்பும் கேட்டது. அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று நான் கணக்குப் போடவில்லை.

அந்தப் பதினைந்து நாள்

மறுநாள் கரண்ட் வந்துவிட்டது. ஆனாலும் சாயங்காலம் ஆனால் பிள்ளைகள் பாயை விரித்துவிட்டன. நாங்கள் ஆடியவற்றில் சிலவற்றை உங்களுக்கும் சொல்கிறேன். லீவில் ஊருக்குப் போகும்போது உதவும்.

செட்டு: ஐந்து பேர் என்றால் ஐந்து வகையில் நாலு நாலு சீட்டு, மொத்தம் 20 எடுங்கள். (ஐந்து ஆஸ் எங்கே என்று கேட்கக் கூடாது! நாலு ஆஸ், நாலு ராஜா, நாலு ராணி... அப்படி.) ஆளுக்கு நாலு. எல்லோரும் ஒரே நேரத்தில் வேண்டாத சீட்டு ஒன்றை வலப்பக்கம் தள்ள வேண்டும். நாலும் ஒரே மாதிரி சேர்ந்தவர் சத்தமில்லாமல் கையை நடுவில் வைப்பார். பார்த்தவர்கள் எல்லோரும் அதன் மேல் கை வைக்க வேண்டும். கடைசிக் கை தோற்றது. இதில் பெரியவர்கள்தான் அதிகம் தோற்பார்கள், சொல்லிவிட்டேன்.

ஏழு: எல்லாச் சீட்டையும் பங்கு போடுங்கள். ஆட்டின் ஏழு வைத்திருப்பவர் அதைத் தரையில் வைத்து ஆரம்பிப்பார். அடுத்தவர் அதற்கு ஒரு பக்கம் ஆறோ மறுபக்கம் எட்டோ வைக்கலாம், இல்லை வேறு பூவின் ஏழை வைக்கலாம். ஒன்றும் இல்லையென்றால் 'பாஸ்'. கை முதலில் காலியானவர் ஜெயித்தார். எண் வரிசை தடுமாறுகிற பிள்ளைக்கு இதைவிட நல்ல வாய்ப்பாடு கிடையாது. எதை வைக்காமல் பிடித்து வைத்தால் அடுத்தவர் தவிப்பார் என்பதையும் இரண்டே நாளில் கற்றுக் கொள்வார்கள். அது வாய்ப்பாட்டில் இல்லாதது.

ஞாபகச் சீட்டு: ஆறு எண்ணில் நாலு நாலாக 24 சீட்டைக் கவிழ்த்துப் பரப்புங்கள். ஒரு முறைக்கு இரண்டு சீட்டைத் திருப்பலாம். ஒரே எண் என்றால் உங்களுக்கு, இன்னொரு வாய்ப்பும் உண்டு. இல்லையென்றால் இருந்த இடத்திலேயே கவிழ்க்க வேண்டும். சின்னவள் என்னை ஐந்து தடவை தோற்கடித்தாள். நான் மூன்றாம் ஆண்டு டிப்ளமோ மாணவன் என்பதை அந்த வீட்டில் யாரும் நம்பவில்லை.

சீட்டு வீடு: இது ஆட்டமே இல்லை, கட்டடக்கலை. சிவில் நண்பர்கள் கவனிக்க! ஒரு மாடிக்கு 2 சீட்டு, இரண்டு மாடிக்கு 7, மூன்றுக்கு 15, நாலுக்கு 26, ஐந்துக்கு 40. ஆறு மாடிக்கு 57 வேண்டும். ஆகவே ஒரு கட்டில் ஐந்து மாடிதான் உச்சம். வழவழப்பான தரையில் நிற்காது. ஜமுக்காளத்தின் மேல் கட்டுங்கள், உராய்வு பிடித்துக் கொள்ளும். ஃபேனை நிறுத்த மறக்காதீர்கள். பெரியவனும் அப்பாவும் மூன்று நாள் முயன்று நாலு மாடி எழுப்பினார்கள். இதையே பெரிசாகச் செய்தால் சாதனை. 2023-இல் கொல்கத்தா மாணவர் அர்ணவ் டாகா, தன் ஊர்க் கட்டடங்களையே சுமார் 1,43,000 சீட்டுகளால் 41 நாளில் கட்டிக் கின்னஸில் இடம் பிடித்தார். பசையும் இல்லை, டேப்பும் இல்லை.

ஒரு நாள் பெரியவன் கேட்டான்: "தாத்தா, ரம்மி சொல்லிக் குடுங்க. என் ஃப்ரெண்டோட அப்பாவுக்குத் தெரியுமாம்."

அப்பா சீட்டை அடுக்கிக் கொண்டே சொன்னார்: "அது தாத்தாவுக்கு மறந்து போச்சுடா."

அம்மா பக்கத்தில் கீரை ஆய்ந்து கொண்டிருந்தாள். நிமிர்ந்து அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். மறுபடி கீரையில் குனிந்து கொண்டாள்.

அம்மா கடைசி வரை ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ஆனால் தினமும் ஆட்டம் முடிந்ததும் கட்டை வாங்கி, 52 இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக எண்ணி, பீரோவில் வைத்துப் பூட்டுவாள். மறுநாள் சாயங்காலம் அவளே எடுத்துக் கொடுப்பாள். வீட்டுச் சீட்டுக்கு இப்போது அம்மாதான் பொருளாளர்.

முடிவாக...

ஜூனில் கல்லூரி திறந்து விடுதிக்கு வந்த பிறகுதான் கட்டை வீட்டிலேயே விட்டுவிட்டது தெரிந்தது. அம்மா போன் செய்தாள்.

"உன் கட்டு இங்கயே கெடக்கு. பக்கத்து வீட்டுக்காரர் அந்தப் பக்கம் வர்றாராம், குடுத்து விடவா?"

"வேண்டாம்மா. அங்கயே இருக்கட்டும்."

"சரி. ஆனா ஒண்ணு குறையுதுடா. அம்பத்தொண்ணுதான் இருக்கு. வீடு பூராத் தேடியாச்சு."

"எது குறையுது?"

"அந்த மீசையில்லாத ராசா."

அது திருப்பூரில் சின்னவளின் இங்கிலீஷ் நோட்டுக்குள் இருக்கிறது என்று பிறகு அக்கா சொன்னாள். அந்த இடத்துக்கு அப்பா ஜோக்கரை எடுத்து, பால்பாயிண்ட் பேனாவால் 'ஆட்டின் ராஜா' என்று எழுதி வைத்திருக்கிறாராம். அடுத்த லீவுக்குப் பிள்ளைகள் வரும்போது கட்டு சரியாக இருக்க வேண்டுமல்லவா?

நண்பர்களே, சீட்டு நல்லதா கெட்டதா என்று பட்டிமன்றம் வைத்தால் எந்தப் பக்கம் பேசுவாய் என்று என்னைக் கேட்காதீர்கள். அதே 52 அட்டைதான். எங்கள் வீட்டில் ஒரு தீபாவளியை அழித்ததும் அதுதான், எட்டு வருஷம் கழித்து எல்லோரையும் ஒரே பாயில் உட்கார வைத்ததும் அதுதான். நடுவில் காசு இருந்ததா, பிள்ளைகள் இருந்தார்களா என்பதுதான் வித்தியாசம். இந்த செமஸ்டர் லீவில் ஊருக்குப் போகும்போது ஒரு கட்டு வாங்கிக் கொண்டு போங்கள். செல்போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் பாயை விரியுங்கள். வீட்டில் யாராவது திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தால், ஒரு ஆள் குறைகிறது என்று கூப்பிடுங்கள்.

நான் மூன்றாம் ஆண்டு. அரியர் வைக்காமல் இருந்தால் அடுத்த மலரில் நாம் சந்திக்க மாட்டோம். அரியர் வைத்தால், ரம்மி தவிர்த்து இன்னும் நாலு ஆட்டம் எழுதித் தருகிறேன்!